அருந்ததியைக் காண எவ்வளவு தூரம் போக வேண்டும்?

புலம்பெயர்ந்த நாடுகளில் நடைபெறும் எமது உறவினர்களின் திருமணங்களுக்குச் செல்லும்போதெல்லாம் ஒரு சடங்கு தவறாமல் என் கவனத்தை ஈர்க்கும். அம்மி மிதித்தல் முடிந்த பின்னர் குருக்கள் மணமக்களை அழைத்துச் சென்று அருந்ததியைப் பார்க்கச் சொல்வார். நேரம் பெரும்பாலும் முற்பகல் 11 மணியாக இருக்கும். மேலே இருப்பது மண்டபத்தின் கூரை. மணமகன் அதை நோக்கி விரலை நீட்டுவார். மணமகள் பார்த்துவிட்டதாகத் தலையசைப்பார். புகைப்படக்காரர் படம் எடுப்பார். சடங்கு நிறைவுறும்.

இதில் குற்றம் காண்பது எனது நோக்கம் அல்ல. சடங்குகள் காலத்துக்கேற்பச் சுருங்குவது இயல்பு. ஆனால், அன்றிரவு அதே மணமக்கள் மண்டபத்துக்கு வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தால் அருந்ததி தெரியுமா என்பதே என் கேள்வி. சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பது வசிட்டர். அவருக்கு மிக அருகே மங்கலாகத் தெரிவது அருந்ததி. வானியலாளர்களின் பிரகாச அளவையில் வசிட்டர் ஏறத்தாழ 2.2, அருந்ததி 4. இந்த அளவையில் எண் கூடக்கூட ஒளி குறையும். பெருநகர் ஒன்றின் மையத்தில் இருந்து வெறுங்கண்ணால் காணக்கூடிய எல்லையே ஏறத்தாழ 4 தான். எனவே வசிட்டர் தெரிவார். அருந்ததி நகரத்தின் வெளிச்சத்தில் மூழ்கிவிடுவாள். பல நூற்றாண்டுகளாக வீட்டு முற்றத்தில் நின்று காட்டப்பட்ட ஒரு நட்சத்திரத்தை இன்று காணவேண்டுமானால் எத்தனையோ மைல்கள் பயணிக்க வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் எனக்கு ஏற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தென் கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புறநகர் ஒன்றில் வசிக்கும் எனது சகோதரியின் மகன் சில வருடங்களுக்கு முன்னர் எட்டு அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். வீட்டின் பின்வளவில் அதை வைத்துச் சந்திரனைப் பார்த்தார். வியாழனையும் சனியையும் பார்த்தார். அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. பிரபஞ்சத்தைக் காண வேண்டுமென்றால் பாலைவனத்துக்குத்தான் போகவேண்டும் என்று நண்பர்கள் கூறினார்களாம். நான் அங்கு சென்று தங்கியிருந்த வேளையில் அவரது முழுக் கவனமும் எந்தப் பாலைவனம் என்பதிலேயே இருந்தது.

செய்மதித் தரவுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்ட ஒளி மாசு வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வெளிச்சம் மிகுந்த இடங்கள் வெள்ளையாகவும் சிவப்பாகவும், இருண்ட இடங்கள் கருமையாகவும் அவற்றில் காட்டப்பட்டிருக்கும். மருமகன் அந்த வரைபடத்தில் மிகக் கருமையாகத் தெரிந்த பகுதிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது மரணப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் டெத் வெலி. அது சாதாரண இடமல்ல. 2013ஆம் ஆண்டில் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்ட தேசியப் பூங்கா. ஆனால், நாங்கள் சென்றது ஜூன் மாதத்தில்.

நான்கரை மணிநேரத்துக்கும் மேலாக மோட்டார் வாகனத்தில் பயணித்து, கடல் மட்டத்தில் இருந்து 86 மீற்றர் தாழ்வாக உள்ள பேட்வோட்டர் பகுதியை அடைந்தோம். 1913 ஜூலையில் 56.7 பாகை செல்சியஸ் பதிவாகி, உலகின் மிக உயர்ந்த வெப்பநிலை என்று இன்றும் பதிவேட்டில் இருப்பது அந்தப் பள்ளத்தாக்கிலேயே. இரவு பத்து மணிக்கும் காற்று உடல் சூட்டை அண்மித்ததாக இருந்தது. சூடேறிய தரையில் இருந்து எழுந்த காற்றில் தொலைநோக்கியினூடாகத் தெரிந்த ஒவ்வொரு நட்சத்திரமும் கொதிக்கும் நீரில் கிடப்பதைப் போன்று நடுங்கியது. கிழக்கே மலைகளுக்கு மேலாக லாஸ் வேகஸ் சூதாட்ட நகரின் வெளிச்சம் ஒரு மங்கிய குடைபோல எழுந்து நின்றது. ஜூன் மாதத்தில் அந்த அகலக்கோட்டில் முழுமையான இருள் ஆறு மணிநேரம்கூட நீடிப்பதில்லை. நாங்கள் இரண்டு மணிநேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. களைப்புடன் வீடு திரும்பியபின் அந்தத் தொலைநோக்கி மாதக்கணக்கில் வாகனத் தரிப்பறையின் மூலையில் போர்வை போர்த்திக் கிடந்தது.

வரைபடம் பொய் சொல்லவில்லை. நாம்தான் வரைபடத்திடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்டோம். மிகவும் இருண்ட இடம் எது என்று கேட்டோமே தவிர, எமக்குப் பொருத்தமான இடம் எது என்று கேட்கவில்லை. பொழுதுபோக்கு வானியலாளர்களில் பலர் இன்றும் செய்துகொண்டிருக்கும் தவறு இது என்பதே எனது அபிப்பிராயம். இருள் ஒரு தகைமை மாத்திரமே. அது ஒன்றே தகைமை அல்ல.

முதலில் வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் லிக் வானியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மேர்ள் வோக்கர் என்ற வானியலாளர் 1970களில் நகரங்களின் வெளிச்சத்தை அளந்து ஒரு விதியை வகுத்தார். ஒரு நகரம் வானில் பரப்பும் ஒளி அதன் சனத்தொகைக்கு ஏற்ப அதிகரிக்கும். தூரத்துக்கு ஏற்ப வெகுவேகமாகக் குறையும். தூரத்தை இரு மடங்காக்கினால் ஒளி ஐந்தரை மடங்குக்கும் மேலாகக் குறைந்துவிடும். இந்தக் கணக்கின்படி, 100 கிலோமீற்றர் தொலைவில் உள்ள 10 இலட்சம் மக்களைக் கொண்ட நகரமும் 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ள 2 இலட்சம் மக்களைக் கொண்ட பட்டணமும் உங்கள் வானத்துக்குச் செய்யும் கேடு ஏறத்தாழ ஒரே அளவானதே. விளக்குகளின் தன்மை அன்றிலிருந்து மாறிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் ஒப்பீடு செய்வதற்கு இந்த விதி இப்போதும் உதவும். பெருநகரைவிட்டு ஓடினோம் என்று மகிழ்ந்து, வழியில் உள்ள சிறுபட்டணத்தின் அருகே போய் நின்றுவிடக்கூடாது என்பதே இதிலுள்ள பாடம்.

அடுத்தது திசை. வடக்கு அரைக்கோளத்தில் இருந்து வானத்தைப் பார்ப்பவருக்கு மிகப்பெரிய செல்வம் தென்திசையில் இருக்கிறது. பால்வீதியின் மையப்பகுதி விருச்சிகம், தனுசு இராசிகளின் பக்கமாகத் தெற்கே தாழ்வாகவே தெரியும். எனவே நகரத்துக்குத் தெற்கே போய், நகரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நிற்பதே புத்திசாலித்தனம். ஜோஷுவா ட்றீ தேசியப் பூங்கா இதற்கு நல்ல உதாரணம். அதுவும் 2017ஆம் ஆண்டில் இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டதே. ஆனால் அதன் மேற்குப் பகுதி கோச்செல்லா பள்ளத்தாக்கின் பட்டணங்களினதும் அவற்றுக்கு அப்பால் உள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் பெருநகரினதும் வெளிச்சத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறது. கிழக்கே பின்ரோ சமவெளியும் கொட்டன்வூட் பகுதியுமே ஓரளவு தப்பியிருக்கின்றன. ஒரே பூங்காவில், ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இரண்டு வகையான வானங்கள் இருக்கின்றன. அங்கீகாரப் பத்திரத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்வோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது பருவமும் காற்றும். பாலைவனத்தை வானியலாளர்கள் விரும்புவது இருளுக்காக மாத்திரம் அல்ல. மேகம் குறைவு, ஈரப்பதன் குறைவு, கண்ணாடியில் பனி படிந்து படத்தை மறைக்கும் தொல்லை குறைவு. ஆனால் அதே பாலைவனம் கோடையில் அடுப்பாகவும் குளிர்கால இரவுகளில், உயரமான இடங்களில், உறைபனியாகவும் மாறிவிடும். தென் கலிபோர்னியாவைப் பொறுத்தவரை மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் மனிதன் வெளியில் நின்று தாங்கக்கூடிய காலங்கள். மாதத்தின் எந்த நாள் என்பதை அமாவாசை தீர்மானிக்கும். நாட்காட்டியைப் பார்த்து அமாவாசையைக் கணக்கிடுவது தமிழர்களுக்குப் புதிய வேலையல்லவே.

நான்காவது தரை. வானத்தைப் பற்றியே சிந்திப்பவர்கள் காலடியை மறந்துவிடுகிறார்கள். கூடாரம் போட வசதியாகத் தெரியும் மணற்பாங்கான வரண்ட ஆற்றுப்படுக்கை, எங்கோ தொலைவில் உள்ள மலையில் பெய்த மழையால் சில நிமிடங்களில் வெள்ளக்காடாகலாம். மணலில் புதையுண்ட சக்கரத்தை மீட்க உதவி கேட்பதற்குக் கைத்தொலைபேசியில் சமிக்ஞை இருக்காது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது நான்கு லீற்றர் தண்ணீர் வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும். பாம்புக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் இரவு முழுவதும் கண்விழித்துவிட்டு அதிகாலை நான்கு மணிக்கு வாகனத்தைச் செலுத்துவது பாம்பைவிட ஆபத்தானது. அங்கேயே தூங்கிவிட்டு விடிந்த பின்னர் புறப்பட அனுமதியுள்ள இடம் எதுவோ, அதுவே நல்ல இடம்.

ஐந்தாவது அயலவர். கண் இருளுக்கு முறையாகப் பழகுவதற்கு 20 தொடக்கம் 30 நிமிடங்கள் வரை செல்லும். ஒரேயொரு வாகனத்தின் முன்விளக்கு அந்த அரைமணிநேரத்தை ஒரு நொடியில் அழித்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள வாகனத் தரிப்பிடம் வரைபடத்தில் எவ்வளவு கருமையாக இருந்தாலும் பயனில்லை. மின்பிறப்பாக்கியும் அலங்கார விளக்குகளுமாக வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகளின் முகாமும் அப்படியே. சிவப்பு நிற மங்கல் விளக்கைத் தவிர வேறெதையும் ஏற்றாதவர்கள் கூடும் இடத்தில், பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, தொலைநோக்கியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே மரியாதை.

இவை எல்லாவற்றுக்கும் மேலானதாக நான் கருதுவது ஆறாவது விடயம். அந்த இடத்துக்கு வருடத்தில் எத்தனை தடவை உங்களால் போகமுடியும்? மிகச் சிறந்த வானத்துக்கு வருடத்தில் ஒரு தடவை போவதிலும் பார்க்க, ஓரளவு நல்ல வானத்துக்கு ஒவ்வொரு அமாவாசையை அண்டியும் போவதே மேல். பார்ப்பது என்பது பயிற்சியினால் வருவது. முதல் நாள் வெறும் புகைமூட்டமாகத் தெரியும் ஒரு நட்சத்திரக் கொத்து பத்தாவது நாள் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். வானம் மாறியிருக்காது, கண் மாறியிருக்கும்.

இப்படி அடுக்கிப் பார்த்தபோது, வரைபடத்தில் அவ்வளவு கருமையாக இல்லாத ஓர் இடமே எங்களுக்கு மிஞ்சியது. அது அன்சா பொரேகோ பாலைவனப் பூங்கா. ஆறு இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான பரப்புடைய அது கலிபோர்னியாவின் மிகப்பெரிய மாநிலப் பூங்கா. வகுக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியேயும் விதிகளுக்கு உட்பட்டு இரவு தங்க அங்கு இடமுண்டு. அதன் நடுவே பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. போக்குவரத்துச் சமிக்ஞை விளக்கு ஒன்றுகூட இல்லாத ஊர். அந்த ஊரவர்கள் தங்கள் விளக்குகளைத் தரையை நோக்கித் திருப்பி, மேற்புறத்தை மூடி, தேவையற்றவற்றை அணைத்து, 2009ஆம் ஆண்டில் சர்வதேச இருள்வானச் சமூகமாக அங்கீகாரம் பெற்றார்கள். உலகில் அந்த அங்கீகாரத்தைப் பெற்ற இரண்டாவது ஊர் அது. பூங்காவுக்கான அங்கீகாரம் 2018ஆம் ஆண்டில் கிடைத்தது.

நவம்பர் மாத அமாவாசையை அண்டிய சனிக்கிழமை ஒன்றில் போனோம். மருமகனின் ஒன்பது வயது மகளும் உடன் வந்தாள். "மாமா, குளிர் ஏறமுதல் இரண்டு ஜக்கெற்றையும் போட்டுக்கொள்ளுங்கோ" என்று மருமகன் எனக்கு உபசாரம் செய்துகொண்டிருக்க, அவள் கார்த்திகைக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டு முற்றத்தில் மூன்று அல்லது நான்குக்கு மேல் தேறாத கூட்டம் அது. "தாத்தா, ஆறு" என்றாள். சற்றுப் பொறுத்து "இல்லை, எட்டு" என்றாள். தலைக்கு மேலே அந்திரோமேடா விண்மீன் மண்டலம் வெறுங்கண்ணுக்கு ஒரு பஞ்சுத் துணுக்காகத் தெரிந்தது. ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருந்து புறப்பட்ட ஒளி. தென்மேற்கே சான் டியாகோவின் வெளிச்சமும் தென்கிழக்கே மெக்சிக்காலியின் வெளிச்சமும் அடிவானத்தில் தெரியவே செய்தன. இது குறையற்ற வானம் அல்ல. அதிகாலை மூன்று மணியளவில் அகத்தியர் நட்சத்திரத்தைத் தேடினேன். யாழ்ப்பாணத்தில் 27 பாகை உயரம்வரை எழும் அந்த நட்சத்திரம் அங்கு நான்கு பாகைக்கு மேல் எழுவதில்லை. தெற்கே நின்ற மலைத்தொடர் அதை மறைத்துவிட்டது. நகரத்தின் வெளிச்சத்தை மறைக்கும் மலை அகத்தியரையும் மறைக்கும். எல்லா வசதிகளையும் ஒருங்கே தரும் இடம் எதுவுமில்லை.

நாலரை மணிக்கு வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் செங்குத்தாக எழுந்திருந்தது. வசிட்டரையும் அருகே அருந்ததியையும் சிறுமிக்குக் காட்டினேன். எந்த உபகரணமும் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வாகனமும் தொலைநோக்கியும் வார இறுதி ஓய்வும் உள்ளவர்களுக்கு மாத்திரம் வானம் சொந்தமா? இந்தக் கேள்வியை அமெரிக்காவிலேயே ஒருவர் தனது வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜோன் டொப்சன். சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த வேதாந்த ஆச்சிரமத்தில் 23 வருடங்கள் துறவியாக இருந்தவர். கழிக்கப்பட்ட தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடியாக்கி, கடதாசிக் குழாயில் பொருத்தித் தொலைநோக்கிகளைச் செய்தார். ஆச்சிரமத்தில் இருந்து 1967ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்ட பின்னர் அவற்றைத் தெருவோரத்துக்குக் கொண்டுவந்து, போவோர் வருவோரை எல்லாம் அழைத்துப் பார்க்கச் சொன்னார். என் மருமகனிடம் இருப்பதும் அவர் வடிவமைத்த வகையைச் சேர்ந்ததே. டொப்சன் 2014ஆம் ஆண்டில் தமது 98ஆவது வயதில் காலமானார். பாலைவனத்துக்குச் செல்ல முடியாத மனிதனுக்கு வானத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாம் என்பதை அவர் செய்து காட்டினார். ஆனால் சந்திரனையும் கிரகங்களையும்தான் தெருவில் சிறப்பாகக் காட்ட முடியும். பால்வீதியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் விளக்குகளை வைத்திருப்பவர்கள் மனம் வைக்க வேண்டும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கதையே இதற்குச் சாட்சி. அந்த நகரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வில்சன் மலையில் 1904ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆய்வு நிலையத்தில் இருந்துதான், அந்திரோமேடா எமது பால்வீதிக்கு வெளியே உள்ள வேறொரு மண்டலம் என்பதை எட்வின் ஹபிள் 1920களில் நிரூபித்தார். பின்னர் நகரம் வளர்ந்தது, வானம் வெளுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களுக்கு அஞ்சி நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டன. அந்த இருட்டைப் பயன்படுத்தி, அதே மலையில் இருந்த ஜேர்மனியரான வோல்டர் பாடே, அந்திரோமேடாவின் மையப் பகுதியில் உள்ள நட்சத்திரங்களைத் தனித்தனியே படம்பிடித்தார். நட்சத்திரங்களில் இரு பெரும் வகுப்புகள் உண்டு என்று 1944ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு வானியலின் திசையை மாற்றியது. 1994 ஜனவரி 17 அதிகாலையில் நிலநடுக்கம் ஏற்பட்டு மின்சாரம் தடைப்பட்டபோது, வெளியே ஓடிவந்த மக்கள் சிலர் நகரின் கிரிபித் வானியல் நிலையத்துக்குத் தொலைபேசி மூலம் அழைத்து, வானம் ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது என்று கேட்டார்களாம். நிலநடுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டோ என்ற அச்சம் அவர்களுக்கு. அவர்கள் கண்டது நட்சத்திரங்களைத் தவிர வேறொன்றுமில்லை.

அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எமக்கும் இருளுக்கும் உள்ள உறவு வேறு. 1990ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்ட பின்னர் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டு, சில துளி மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஒரு பத்திரிகைக்காரனாக அந்த இரவுகளில் நானும் நடந்திருக்கிறேன். அன்று எமது தலைக்கு மேல் இருந்த வானம், இன்று பல மணிநேரம் பயணம் செய்து பாலைவனத்தில் தேடுகின்ற வானத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் நாம் அதைப் பார்க்கவில்லை. விமானத்தின் இரைச்சலையும் பரா வெளிச்சத்தையும் தேடியே அண்ணாந்து பார்த்தோம். மீண்டும் மின்விளக்கு எரிந்த நாளை ஒரு பண்டிகையாகவே எமது மக்கள் உணர்ந்தார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் இருந்து வந்த ஒருவன் இருளைப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதலாமா?

எழுதலாம் என்றே நினைக்கிறேன். திணிக்கப்பட்ட இருள் வேறு. விரும்பிப் பேணப்படும் இருள் வேறு. விளக்கை அணையுங்கள் என்று கேட்பதல்ல இது. வீதிக்கு வேண்டிய வெளிச்சம் வீதியில் விழட்டும், வானத்தில் விழவேண்டாம் என்று கேட்பதே. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958ஆம் ஆண்டிலேயே விளம்பரத்துக்காக வானில் ஒளிக்கற்றை பாய்ச்சுவதைச் சட்டத்தின் மூலம் தடைசெய்தது. 2001ஆம் ஆண்டில் உலகின் முதலாவது இருள்வான நகரமாகியது. அது வீதிவிளக்குகள் இல்லாத காட்டுக் கிராமமல்ல. பல்கலைக்கழகமும் பல்லாயிரக்கணக்கான குடிமக்களும் உள்ள நகரம்.

இதைச் செய்யாவிட்டால் பாலைவனமும் நிலைக்காது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் உலக ஆய்வின்படி மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கும், வட அமெரிக்கர்களில் ஏறத்தாழ 80 சதவீதமானோருக்கும் வாழும் இடத்திலிருந்து பால்வீதி தெரிவதில்லை. பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை உலகெங்கும் இருந்து அனுப்பிவைத்த அவதானிப்புகளை ஆராய்ந்தவர்கள், இரவு வானம் வருடந்தோறும் சராசரியாக 9.6 சதவீதத்தால் வெளுத்துவருவதாக 2023ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். 250 நட்சத்திரங்கள் தெரியும் ஓர் இடத்தில் பிறக்கும் குழந்தை, 18 வயதை அடையும்போது அங்கு 100 நட்சத்திரங்களையே காணும் என்பது அவர்களின் கணக்கு. இன்று இரண்டரை மணிநேரத் தூரத்தில் உள்ள இடம் நாளை நான்கு மணிநேரத் தூரத்துக்குத் தள்ளிப்போகும். ஓடிக்கொண்டே இருப்பதற்கு பூமியில் அவ்வளவு பாலைவனம் இல்லை.

எனவே தொலைநோக்கியோடு பாலைவனத்துக்குப் புறப்படும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மிகக் கருமையான புள்ளியைத் தேடாதீர்கள். மீண்டும் மீண்டும் போகக்கூடிய, பத்திரமாகத் திரும்பக்கூடிய, தெற்கு அடிவானம் ஓரளவேனும் திறந்த ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். போகும்போது பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் சொந்த வீட்டு வாசலில் வானத்தைப் பார்த்து எரியும் விளக்கை நிலத்தைப் பார்க்கத் திருப்புங்கள். அடுத்ததாக உங்கள் நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

பொரேகோவில் இருந்து திரும்பும் வழியில் சிறுமி வாகனத்தின் பின் ஆசனத்தில் உறங்கிவிட்டாள். மருமகன் விரைவில் குடும்பத்தில் நடக்கவிருந்த ஒரு திருமணத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். மண்டபம் பதிவாகிவிட்டதாம். முகூர்த்தம் முற்பகல் பதினொன்றரை. அருந்ததி பார்க்கும் நேரம் வந்ததும் மணமக்கள் கூரையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில், உண்மையாகவே அதைக் கண்ட ஒருத்தியேனும் இருப்பாள் என்ற திருப்தி எனக்கு இருந்தது.